சாம்பல் இழுக்கும் பச்சைக்கல்

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் சரோஜினிதேவி மகனின் மோதிரத்தைக் கற்பூரச் சுடருக்கு மேலே காட்டுவார். பிறகு விபூதித் தட்டுக்குக் கிட்டப் பிடிப்பார். விபூதி பறந்து வந்து பச்சைக்கல்லில் ஒட்டும். “இருக்கிறான்” என்பார். அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளவத்தை வீட்டில் தேத்தண்ணீர்.

கிஷாந்த் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். படகு சேர்ந்ததாகவும் செய்தியில்லை, கவிழ்ந்ததாகவும் செய்தியில்லை. புதன் சரியில்லையென்று சாத்திரியார் சொல்ல, மரகதத்துக்கு வசதியில்லாமல் போட்ட கல் அது. “விரலுக்கு லூசம்மா, கடலுக்க விழுந்திடும். நீங்க வச்சிருங்கோ” என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். மோதிரத்துக்காகப் பயந்த பிள்ளை தனக்காகப் பயப்படவில்லை.

அவன் போன பிறகு ஒருநாள், கற்பூரம் காட்டிய சூட்டோடு தட்டில் வைத்த மோதிரத்தில் விபூதி தானாக ஒட்டியதைத் தாய் கண்டார். கடவுளே பதில் சொல்லிவிட்டதாக அன்றே முடிவுகட்டினார்.

வேறு வீட்டில் இருக்கும் மகள் ஹம்சிகா கெஞ்சிக் களைத்துவிட்டாள். “அம்மா, அண்ணாக்கு அந்தியேட்டியாவது செய்வம்.”

“உயிரோட இருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணி இறைக்கச் சொல்லுறியோ?” அதோடு பேச்சு முடியும்.

பக்கத்து வீட்டு நபீஸ் கல் வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். ஒரு வெள்ளி, கரண்ட் போனதென்று மெழுகுதிரி கேட்டு வந்தவர், மோதிரத்தில் விபூதி ஒட்டுவதைக் கண்டு சிரித்தார்.

“ஆன்ட்டி, இது தோரமல்லி, இங்கிலீசில டூர்மலின். சூடு பட்டா ஒரு பக்கம் பிளஸ், மத்தப் பக்கம் மைனஸ். சாம்பல், தூசி எல்லாத்தையும் இழுக்கும்.” சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு ரோசாக்கல்லைச் சுடரில் காட்டினார். விபூதி அதிலும் பாய்ந்து ஒட்டியது. “இரும்பு சேர்ந்தா பச்சை, மங்கனீசு சேர்ந்தா இப்பிடி ரோசா.”

சரோஜினிதேவி அதையே பார்த்தார். “இது ஆரின்ர கல்லு, தம்பி?”

“ஒருத்தர்டயும் இல்ல. பூமிக்கடியில கற்குழம்பு ஆறக்குள்ள உண்டான சாமான். இரத்தினபுரி மண்ணிலயிருந்து இப்பதான் வந்த. இன்னும் ஒரு மனிசன்ட விரலிலயும் ஏறல்ல.”

மெழுகுதிரியோடு அவர் போய்விட்டார். பாவி மனிதர், வேறொரு நாள் பார்த்துக் கரண்ட் போயிருக்கக் கூடாதா?

அடுத்த வெள்ளியும் சரோஜினிதேவி மோதிரத்தைச் சுடரில் காட்டினார். விபூதி வழக்கம்போல ஓடிவந்து ஒட்டியது. ஒட்டாமல் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாயில் அந்தச் சொல் வரவில்லை. கல்லைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, ஐயரிட்ட ஒரு நாள் கேள். அவன் எவ்வளவு காலமாக் கடலுக்க குளிர்ல கிடக்கிறானோ.”