அம்மா தாழ்ப்பாள் போட்ட மதியம்

கட்டிலிலிருந்து குழாயடி வரை நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற அம்மா, அன்று மதியம் நானும் அண்ணியும் வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்ததும், எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், எழுந்துவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திருப்பதியிலிருந்து நாங்கள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஆட்டோவில் படுத்திருந்தது. கதவைத் திறக்கச் சொல்லி ஆட்டோக்காரர், “தலுப்பு தீயம்மா” என்று தெலுங்கில் கெஞ்சினார். உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது. “எம் புள்ளயத் துன்ன சாமான் எம் வூட்டுக்குள்ள வராது. எத்துக்கினு போங்க.” ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அம்மா சொன்னது மட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

அந்தப் பிள்ளை என் அண்ணன். கடற்படையில் இருந்தார். துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த கப்பலில், தீயை அணைப்பதற்கென்று வைத்திருந்த வாயு சிலிண்டரை இடம் மாற்றும்போது அது வெடித்துவிட்டது. போரும் இல்லை, புயலும் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன மனிதர். பெட்டிமேல் கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அம்மா செய்த முதல் வேலை, சமையல் சிலிண்டரைத் திருப்பி அனுப்பியதுதான். அது வேறு, இது வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவளுக்கு எல்லாம் ஒரே கூட்டம். நான் வாங்கிக் கொடுத்த கரண்டு அடுப்பையும் நம்பாமல் அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டு விறகடுப்புக்குப் போனாள். எங்கள் யாரையும் அடுப்பின் பக்கம் அண்டவிடாமல் புகை முழுவதையும் தானே குடித்தாள். வருடக்கணக்கில் குடித்ததில் நெஞ்சு கெட்டுப்போனது. இனி வீட்டிலும் ஆக்சிஜன் இருந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிலிண்டருக்குப் பயந்து புகையிடம் போனவளைப் புகை மறுபடி சிலிண்டரிடமே கொண்டுவந்து நிறுத்தியதை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணி திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நகரியிலிருந்து ரயிலில் போய்வருவார். அண்ணன் போன பிறகு வேலைக்குத் திரும்பிய புதிதில் அவருக்கும் இந்தப் பயம் இருந்தது. வார்டில் சிலிண்டரின் வால்வைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிடுவாராம். கூட வேலை செய்தவர்கள் நல்லவர்கள். சிலிண்டர் மாற்றும் வேளையில் ஏதாவது சாக்கு சொல்லி அவரைப் பக்கத்து வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள், இனிமேல் நானே மாற்றுகிறேன் என்று அவராகச் சொல்லியிருக்கிறார். எப்படித் துணிந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று அண்ணி கதவைத் தட்டவில்லை. சிலிண்டரை இறக்கி வாசல் நிழலில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அதை ஒட்டிப் படியில் உட்கார்ந்தார். “அத்தே, நான் இங்கியே ஒக்காந்துகினு கீறேன். நீங்க பொறுமையா தொறங்க.”

ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. “அதுகிட்ட ஏன் ஒக்காந்த? எட்டப் போ பொண்ணே.”

“நீங்க தொறந்தா வரேன்.”

அம்மா திட்டினாள். கெஞ்சினாள். நடுநடுவே மூச்சு இழுத்தது. அண்ணி அசையவில்லை. கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. ஆக்சிஜனுக்காக அம்மா கதவைத் திறக்கவில்லை. மருமகளை அதனிடமிருந்து இழுத்துக்கொள்ளத்தான் திறந்தாள். வந்தவள் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டே வாசற்படியில் சரிந்துவிட்டாள்.

தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். சிலிண்டரும் உள்ளே வந்தது. அம்மாவுக்குத் தடுக்கத் தெம்பில்லை, கண் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. “ஆட்டோக்காரரு மாட்டட்டும். நீ வேணாம்,” என்றாள்.

“எனக்குத்தான் அத்தே தெரியும்.”

அண்ணி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, வால்வைத் திருகித் திறக்கும் சாவியை அதன் மேல் வைத்தார். திறப்பதற்கு முன், மெல்ல, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, என் அண்ணனின் பெயரைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்கள், அவர் சொல்ல வேண்டும். அண்ணன் உயிரோடு இருந்த வரையில் அண்ணியும் சொன்னதில்லை. அவர் போன பிறகு அம்மா அழுவாளே என்று நாங்களும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. வார்டில் ஒவ்வொரு முறையும் அண்ணி இப்படிச் சொல்லித்தான் திறந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

‘உஸ்’ என்றது, அடங்கியது. அண்ணி குழாயை அம்மாவின் மூக்கில் பொருத்தினார். அம்மா கண்ணை மூடி இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். நீலம் பாய்ந்திருந்த உதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிறத்துக்கு வந்தது. அண்ணியின் கையைப் பிடித்து, “இன்னொரு வாட்டி சொல்லு,” என்றாள்.

அந்தக் குளிர்காலம் போய் இன்னொன்றும் போய்விட்டது. அம்மா இருக்கிறாள், என்னைத் திட்டும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறாள். சிலிண்டர் மாற்றும்போது அண்ணி சாவியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இப்போதெல்லாம் பெயரை அம்மாதான் சொல்கிறாள்.