டெர்வ்லா படித்த பொடி எழுத்து

அயர்லாந்தின் லாங்ஃபோர்டு ஊரில் டெர்வ்லா கீவனைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய வங்கியின் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். வங்கி திவாலாகி, அரசாங்கம் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டி அதைத் தூக்கி நிறுத்திய பிறகு, ஊர்க் கோபமெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. தலைநகர் டப்ளினில் இருந்த பெரிய தலைகளை யார் கண்டார்கள்? கைக்கு அகப்பட்டவள் இவள்தான். ரொட்டிக் கடையில் ஒருத்தி அவள் கோட்டில் துப்பினாள். டெர்வ்லா அதைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தங்கை ஓனாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வங்கிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ‘வங்கிக்காரர்கள் சாக வேண்டியவர்கள்’ என்று முழ நீள எழுத்து. வங்கிப் பங்குகளில் கைமுதலைத் தொலைத்த கொத்தனார் மாலகி பணம் எடுக்க வந்தார்.

“பாத்தியா புள்ள, நான் மனசுல நெனச்சத போர்டாவே மாட்டிட்டான்.”

“சாகறதுக்கு முன்னாடி உங்க பணத்தக் குடுத்துடறேன். இங்க கையெழுத்துப் போடுங்க,” என்றாள். சிரிக்கப் போனவளை இருமல் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். ‘நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களைப் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். யாரும் இப்படிச் சாக வேண்டியவர்கள் அல்ல. மூன்று வாரமாக இருமலா? மருத்துவரைப் பாருங்கள்.’ அவளுக்கு மூன்று மாதமாக இருமல்.

மறுநாள் மேலாளர், விளம்பரத்தை எடுக்கச் சொல்லும் புகார்க் கடிதத்தை நீட்டினார். அவளைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“நம்மளத்தானே சாகச் சொல்றான். நீங்க ஏன் போடல?”

“கீழ இருக்கறதப் படிச்சீங்களா சார்?”

“அத எவன் படிக்கிறான்?”

“நான் படிச்சேன்.”

அந்த வாரமே பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

மருத்துவர் முதலில் கேட்டது, “சிகரெட் உண்டா?” உண்டு; வங்கிக் கொல்லையில், டீ நேரத்தில். நோய் எலும்பு வரை போயிருந்தது.

“மார்பகப் புத்துநோய்னு சொல்லிடுக்கா,” என்றாள் ஓனா. “நுரையீரல்னா தானே தேடிக்கிட்டதுன்னு பேசுவாங்க.”

“பேங்க்ல இருந்தவதானே நான். பேச்சு வாங்கிப் பழக்கம்தான்.”

கேட்டவர்களிடம் உள்ளதையே சொன்னாள். பாதிப்பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப்பேர், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார்கள்.

மே மாதம் போய்ச் சேர்ந்தாள். சவப்பெட்டியருகே வரிசையில் வந்த மாலகி ஓனாவின் கையைப் பிடித்தார்.

“ரொம்ப வலிச்சுதாம்மா அவளுக்கு?”

“ஆமாங்க.”

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் நகரவில்லை. வங்கித் தலைமையகம் அனுப்பிய மலர்வளையம் சுவரோரம் கிடந்தது. அதில் அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.