நான் கொடுத்த நற்சான்று

சூதாட்டத்தைத் தடைசெய்ய வேண்டுமா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் கேள்வி முடியுமுன்பே நான் "ஓம்" என்பேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனையில் ஒரு புக்கி இருந்தது, குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற கடை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர், இங்கிலாந்தில் எங்கோ ஓடும் குதிரைகளுக்காகப் பாதிச் சம்பளத்தை அங்கே கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து பசிக்கிறது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதா கோயில் பூசைக்கு வரும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். பங்குச் சுவாமியாரையும் விடவில்லை. கடைசியில் கடையை மூடவைத்தோம். அன்றைக்கு என் நடையே வேறு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். கடை போயிற்று, ஆட்டம் போகவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு தையல்கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு காசுக்குச் சீட்டு விளையாடத் தொடங்கினார்கள். யுத்த காலத்தில், கொழும்பில், பத்துத் தமிழ் ஆண்கள் பூட்டிய அறைக்குள் கூடினால் வெளியே நிற்பவன் என்ன நினைப்பான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெருமை அப்படிக் கண்ணை மறைத்திருந்தது.

எங்கள் மேல்மாடி அறையில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். விசாவுக்காகக் காத்திருந்தவர். நிமிர்ந்துகூடப் பேசாத மனிதர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மகனுக்குக் காய்ச்சல் கொதித்தது. கணவர் சீட்டாட்டத்தில்.

"தம்பி, இவரை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்களேன். நான் அங்க போனா மானம் போயிடும்" என்றேன்.

"ஓம் அக்கா, இப்பவே கூட்டிக்கொண்டு வாறன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் அந்த அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். என் கணவரும் மற்றவர்களும் "சூதாடினோம் சேர், சூதாடினோம்" என்று அழாத குறையாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். சூதாட்டமென்றால் அபராதத்தோடு போகும். வேறெதற்கோ கூடினார்கள் என்று வந்தால், எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பொறுப்பதிகாரி ஆசிரியரின் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவனும் விளையாடுகிறவனா?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். ஆசிரியருக்குச் சிங்களம் விளங்காது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் வீட்டில் இருக்கும் மனிதரைச் சூதாடி என்பதா? "இல்லை சேர், சீட்டைக் கையால் தொடாதவர், தங்கமான மனிதர்" என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

"விளையாடாதவனுக்கு அங்கே என்ன வேலை?" என்றார் அதிகாரி.

நான்தான் அனுப்பினேன் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? என் கணவர் அபராதம் கட்டி வீட்டுக்கு வந்தார். ஆசிரியரை ஒரு வருடத்துக்கு மேல் தடுத்து வைத்தார்கள். வெளியே வந்தபோது விசாவும் போயிருந்தது.

இப்போதும் சிலர் பந்தயக் கடைகளை மூடக் கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். நான் போடுவதில்லை. தெருவைப் பார்த்துத் திறந்திருக்கட்டும், பொழுதோடு பூட்டட்டும், சம்பள நாளில் திறக்கவே வேண்டாம், கடனுக்கு ஆடவிடாதீர்கள், அப்படி ஒரு சட்டம் கேளுங்கள் என்கிறேன். சூதாட்டத்தை நான் இன்னும் வெறுக்கிறேன். ஆனால் அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

அவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு ஆசிரியரின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர இரண்டு கிழமை ஆயிற்று. கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை. எதையாவது சொல்லி ஆற வேண்டும் போலிருந்தது.

"அவரைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் நான் சொல்லேல்ல, தங்கச்சி. சூதாடுற ஆளே இல்லை எண்டு அடிச்சுச் சொன்னனான்" என்றேன்.

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"விளையாடினவர் எண்டு சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றாள்.