வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிராமசபை

அரசியலமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு சுருக்கமானது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் கடைசி உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். மீதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உள்ளாட்சித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் அந்தக் கணக்கைப் போடுவதை நிறுத்தி நாளாகிறது.

அக்டோபர் 2, காலை ஏழு மணிக்கு மூலக்குளத்தில் பஸ் ஏறினேன். அழைத்தவர் கலைச்செல்வி, பாகூர் கொம்யூனில் (பிரெஞ்சுக் காலப் பெயர், ஊராட்சி ஒன்றியம் போல) ஒரு கிராமத்தில் 2006-இல் ஜெயித்த வார்டு உறுப்பினர். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இரண்டு மாநிலத்திலும் விளக்கம் கேட்பார்கள். அவர் ஊருக்கும் கடலூர் மாவட்டத்துப் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு வடிகால் வாய்க்கால்தான் எல்லை. இந்தப் பக்கத்து மழைத்தண்ணீர் அந்தப் பக்கத்துச் சிறுபாலத்தின் அடியில் புகுந்து வடிய வேண்டும். பாலத்தின் குழாய்களில் மண் அடைத்துக்கொண்டதால் போன ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர். கலைச்செல்வியின் சம்பா நாற்று மொத்தமும் அழுகிப்போனது. பாலம் தமிழ்நாட்டுடையது, எங்கள் கொம்யூன் ஆணையர் தொட முடியாது. அந்த ஊராட்சி தொட வேண்டுமென்றால் அவர்கள் கிராமசபையில் தீர்மானம் வர வேண்டும். மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தால் அதிகம். “நாங்க அங்க பேச ரூல் இருக்குதா சார்? நேர்ல வந்து பாத்துச் சொல்லுங்க” என்றார்.

வில்லியனூரில் இறங்கி, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும் பாகூர் பஸ்ஸுக்கு மாறினேன்.

“இன்னா சார், லீவு நாள்ல பாகூருக்கு?” என்றார் கண்டக்டர்.

“கிராமசபைக்கு.”

“அது தமிழ்நாட்ல சார். நீங்க கடலூர் பஸ்ல இல்ல ஏறியிருக்கணும்?”

சில்லறையையும் அவரே எண்ணிக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்குப் பாகூர். கலைச்செல்வி ஸ்கூட்டியோடு காத்திருந்தார். ஏரிக்கரையை ஒட்டிப் போனோம். மழைக்கு முந்தைய ஏரி, நடுவில் மட்டும் தண்ணீர். இந்தப் பக்கம் கரும்பு, அந்தப் பக்கம் புதிதாக விட்ட நாற்றங்கால். தன் நாற்றங்கால் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

பதினொரு மணிக்குக் கூட்டம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊரின் பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல், நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசி இரண்டு வரிசையில் கலைச்செல்வியின் ஊர்க்காரர்கள். கிராமசபை நடக்கும் நாள்களில் வாய்க்காலைத் தாண்டிவந்து அங்கே உட்காருவதை அவர்கள் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் தலைவாரி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். பேச உரிமை இல்லாத கூட்டத்துக்கு இப்படி வருகிறவர்களை நான் முப்பது வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “இன்னாடி கலை, உங்க பாண்டிச்சேரில கூட்டமே போடமாட்டாங்களா?”

“எங்களுக்கு ஆபீசர் ஒருத்தரே மொத்த ஊரும். அவரு தனியா உக்காந்தாலே கூட்டந்தான்.”

சிரிப்பு அடங்குவதற்குள் சிக்கல் வந்தது. அந்த ஊர் மக்கள்தொகைக்கு நூறு வாக்காளர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும். பன்னிரண்டு பேர் குறைவாக இருந்தார்கள். ஊராட்சி செயலாளர் வருகைப் பதிவேட்டோடு நேராகப் பின்வரிசைக்கு வந்தார்.

“யக்கா, நீங்கல்லாம் கையெழுத்துப் போடுங்க. கூட்டத்தை முடிச்சிர்றோம். உங்க பாலத்தையும் அதுலயே சேத்துர்றேன்.”

கலைச்செல்வி பேனாவை வாங்கிவிட்டார்.

“போடாதீங்கம்மா,” என்றேன். “நீங்க இந்த ஊர் வாக்காளர் இல்ல. நாளைக்கு ஒருத்தன் ஆட்சேபணை எழுதினா கூட்டமே செல்லாது. பாலமும் அதோட போயிடும்.”

“தெரியும் சார்.” பேனா கையிலேயே இருந்தது. “கூட்டத்துல என் கையெழுத்து கேட்டு எத்தினி வருசமாச்சு. ஒருவாட்டி போட்டுக்கறனே.”

விதி அவருக்கும் தெரியும். அவர் பேனாவை மூடிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, “அரை மணி நேரம் கூட்டத்தைக் கலைக்காத தம்பி,” என்று எழுந்து தெருவில் இறங்கினார்.

அவர் பிறந்த வீடு அந்த ஊரில்தான். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. “எம்மா, அடுப்ப அணைச்சுட்டு வா. சோறு எங்கயும் போவாது.” “அண்ணே, டீய அங்க வந்து குடி. ஓட்டு கேக்க வரலை, உன்னைத்தான் கேக்க வந்தேன்.” இருபது பேருக்கு மேல் அவர் பின்னால் வந்தார்கள். கடைசியாக அவர் அண்ணி, கையில் ஈரத்தோடு.

பாலத்தைத் தூர்வாரும் தீர்மானத்தை அண்ணியே முன்மொழிந்தார். அவர் அந்த ஊர் வாக்காளர். விதியில் அதற்குத் தடையில்லை. தலைவர் படித்துவிட்டு, “ஆதரிக்கறவங்க கை தூக்குங்க” என்றார். பந்தல் முழுக்கக் கைகள். கலைச்செல்வி கூட்டிவந்த எல்லோர் கையும் மேலே இருந்தது. அவர் வலது கை மட்டும் மடியில் கிடந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு என்னைப் பாகூரில் பஸ் ஏற்றிவிட வந்தார்.

“பாலம் ஆயிடும் சார். நம்மூர்ல ஒரு கூட்டம் போடச் சொல்லி மனு எழுதித் தர்றீங்களா? உறுப்பினரா வேணாம். சும்மா ஊர்க்காரியா உக்காந்துக்கறேன்.”

அத்தகைய மனு எந்தப் பிரிவுக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், என்ன வாசகத்தோடு திரும்பும் என்று எனக்குத் தெரியும். அந்த வாசகத்தை நானே பலமுறை வரைவு எழுதியிருக்கிறேன். எழுதிக் கொடுத்தேன், என் முகவரியைப் போட்டு. பஸ் கிளம்பியபோது அவர் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பிய வழியெல்லாம், எங்கள் ஊர் ஒன்றில் போட்டிருக்க வேண்டிய பந்தலையும் நாற்காலிகளையும் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

தீபாவளிக்கு முன்பே பாலம் சுத்தமானது. ஐப்பசி மழை வந்து வடிந்தது, நாற்று நின்றது. பிறகு ஒருநாள் மனுவுக்குப் பதில் வந்தது. தொலைபேசியில் படித்துக் காட்டினேன்: “உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்ற பின்னர் விதிகளின்படி கிராமசபை கூட்டப்படும்.”

“மறுபடியும் படிங்க.”

படித்தேன்.

“கூட்டப்படும்னுதான எழுதியிருக்குது?”

“ஆமாம்மா.”

“அந்தக் காகிதத்தைப் பத்திரமா வைங்க சார். நான் வந்து வாங்கிக்கறேன். என்னைக்கு வந்துச்சுன்னு மேலயே எழுதி வைங்க.”

எழுதி வைத்தேன்: ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம்.