காய ஒரு வாரம்

நடந்தவை, வரிசையாக:

1. அம்மாவின் தம்பியான மாமா, பர்மா பஜாரிலிருந்து ஒரு போர் விமான மாடல் வாங்கி வந்தார். பாகங்களை இருவருமாக ஒட்டிச் சாம்பல் வண்ணம் அடித்தோம்.
2. மாமா எம்.கே.பி. நகர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வீட்டார் எங்கள் ஆட்கள் இல்லை என்பதால் யாரும் போகவில்லை.
3. ராயபுரம் வீட்டுக்கு அவர் இனி வரக் கூடாது என்றார் அப்பா. நான் அழுததால், “ஆரம்பிச்சத முடிச்சிட்டுப் போவட்டும்” என்று இறங்கி வந்தார்.
4. மாமா ஞாயிறுதோறும் வந்தார்.
5. விமானம் முடிந்தது.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

மீதி இருந்தது டீக்கல் எனும் ஒட்டுப்பட வேலை. இறக்கை வட்டங்கள், வால் எண்கள், எறும்பு அளவு எழுத்துகள் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. ஒன்றைக் கத்தரித்துத் தட்டுத் தண்ணீரில் போட்டால் தாள் நெகிழும். படத்தைத் தூரிகையால் நகர்த்தி விமானத்தில் சேர்த்து, பஞ்சால் ஒற்ற வேண்டும். மாமா வாரத்துக்கு ஒன்றுதான் ஒட்டுவார். கெஞ்சினால், “காய ஒரு வாரம் ஆவும் கண்ணு. பக்கத்துல இன்னொண்ணு வச்சா ரெண்டும் நவுந்துகினு பூடும்” என்பார். பிறகு சமையலறை வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு நெடுநேரம் பேசுவார். அம்மா அன்றைக்கென்று வஞ்சிரம் வறுப்பாள். “இன்னாடா, உன் வூட்டுக்காரி உலையே வைக்கறதில்லியா?” என்று சீண்டிக்கொண்டே இன்னொரு துண்டு வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, வழக்கமில்லாத வழக்கமாக, அப்பா தட்டில் தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வா, நாம்பளே முடிச்சிடலாம்” என்றார். நகர்ந்துவிடுமே என்று பயந்தேன். எதுவும் நகரவில்லை. விசைப்படகில் வலை இழுத்துத் தடித்த விரல்களால் அத்தனை பொறுமையாக ஒட்டினார். அப்பா என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்த நாள் வேறு இல்லை. அம்மா வந்து வெறும் தாளைப் பார்த்தாள். “எல்லாத்தியுமா ஒட்டிட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மாமா வந்ததும் ஓடிப்போய் விமானத்தை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஷோக்கா கீது” என்றார்.

“அவ்ளோதான் மச்சான், முடிஞ்சிது” என்றார் அப்பா.

மாமா சாப்பிடாமல் கிளம்பினார். அடுத்த வாரம் கப்பல் மாடல் வாங்கிவரச் சொன்னேன். தலையாட்டினார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

இன்று எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில், பெயின்ட் காயும் நேரத்தைச் சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. டீக்கல் ஒரே இரவில் காய்ந்துவிடும். மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். தாளில் மிஞ்சிய ஒவ்வொரு படமும் அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அப்பா என்னோடு உட்கார்ந்த அந்த மாலையை, வெகுகாலம் என் மிக நல்ல நாளாகவே வைத்திருந்தேன்.

விமானம் டிவிக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. மாமா எம்.கே.பி. நகரில்தான் இருக்கிறார். பேருந்தில் ஏறினால் போய்விடும் தூரம். அவர் வந்ததில்லை. அம்மா போனதில்லை.