முப்பத்தொரு பாட்டு

நாகர்கோவிலில் ஒரு மாடிக் கட்டடத்தில் பதினாறு வருடம் எனக்கு ஒரே வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். தைராய்டு அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள் எத்தனை அடித்திருப்பேன் என்று தெரியாது. எல்லாவற்றிலும் ஒரு வரி வரும்: குரல் நரம்புக்குச் சேதம் நேரலாம் என்பது நோயாளிக்கு விளக்கப்பட்டது. அந்த வரிக்கு விரல் தானாகப் போகும்.

என் மனைவி இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் பாடுவாள். எனக்குக் கீபோர்டு கொஞ்சம் வரும். சனிக்கிழமை மதியங்களில் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, அவள் பாட நான் வாசித்துப் பதிவு செய்வோம். எங்கள் வீடு தோவாளை ரோட்டோரம். பஸ் ஹாரன் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேர்த்து ஒழுக, "இது கடைசி, இனி நம்மால ஆவாது" என்பாள். அடுத்த நிமிடமே தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பாட்டுகளை என் வலைப்பூவில் ஏற்றி, கூடவே அன்றன்று மனதில் பட்டதை நாலு வரி எழுதுவேன். படிப்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆறு வருடத்தில் முப்பத்தொரு பாட்டு சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துப் புதிது வாங்கியபோது, எல்லாம்தான் வலைப்பூவில் இருக்கிறதே என்று தனியாகப் பிரதி எடுத்து வைக்கவில்லை.

பிறகு அவள் கழுத்தில் தைராய்டுக் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை. டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகவே சொன்னார். கட்டி நரம்பைச் சுற்றியிருக்கிறது, குரல் போகலாம், உயிர் முக்கியம் என்றார். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உயிர் மிஞ்சியது. குரல் காற்றாகிவிட்டது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது எந்த மூலைக்கு? பள்ளியில் அவளை அலுவலகத்தில் பதிவேடு எழுத வைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். முதல் நாள் போய்வந்தவள், "பிள்ளையள் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கு" என்றாள்.

அடுத்த வருடம் என் அலுவலகத்தில் வேலை முறை மாறியது. டாக்டர் பேசுவதை இனி இயந்திரமே எழுதும், நாங்கள் பிழை திருத்தினால் போதும் என்றார்கள். பெடல்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போனார்கள். எங்கள் வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், நாலு பேர் மிஞ்சினோம். அடுத்தது யார் என்ற பயத்திலேயே மாதங்கள் போயின. எழுதுவதையும் நிறுத்தியிருந்தேன். வலைப்பூ நடத்திய நிறுவனம் கடையை மூடப்போவதாக மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. மூன்றையும் பார்த்தேன். பொறவு பார்ப்போம் என்று விட்டேன்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவர்கள் கொடுத்த கருவியால் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது. பல வாரம் கழித்துத்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். எழுத்து மட்டும் இருந்தது. பாட்டு இருக்க வேண்டிய இடங்களில் நீளமாக ஒரு முகவரி. அழுத்தினால் வெள்ளைத் திரை. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது.

அவளிடம் சொல்லப் பத்து நாள் ஆயிற்று. சாயங்காலம் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "ஒரு காரியம் சொல்லணும். நம்ம பாட்டெல்லாம்..." என்றேன்.

அவள் திரும்பவில்லை. குழாயை மூடினாள். தண்ணீர் விழும்போது அவள் பேசினால் கேட்காது.

"தெரியும். போயி ரெண்டு மாசமாச்சுல்லா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் தெனமும் கேப்பேன். ஸ்கூல்ல மத்தியானம் சோறு தின்ன பொறவு, போன்ல. ஒரு நாளு வரல்ல. நெட் இல்லைன்னு நெனச்சேன். மறுநாளும் வரல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க சோலி போவுமோன்னு உறங்காமக் கெடந்தீங்க. அதுக்க மேல இதையும் எப்பிடிச் சொல்லுகதுக்கு?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோல ஈரக்கையை அசைத்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு மீதி மீனையும் கழுவினாள். ஒவ்வொரு மதியமும் தனியாக உட்கார்ந்து தன் பழைய குரலைக் கேட்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

பாட்டுக் குழுவில் இருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் இல்லை. ஒரு அக்கா மட்டும், "நல்லா பாடுவாளே மக்கா, அப்ப அதப் பதிஞ்சு வைக்கத் தோணல்ல பாத்துக்க" என்றார்.

இப்போது வீட்டிலிருந்தே இயந்திரத்தின் பிழைகளைத் திருத்துகிறேன். போன வாரம் ஒரு தைராய்டு குறிப்பு வந்தது. குரல் நரம்பைப் பற்றிய அந்த வரியை இயந்திரம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது. திருத்த ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தேன்.