தாக் ஹான் யாம் சா

ஹாங்காங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு முத்துப்பேட்டை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பீங்கான் கோப்பைகள் கொண்டுவந்தார். எனக்கு அந்த ஊர்ச் சீனம். ‘சிக் ஜோ ஃபான் மேய்’ என்றால் சாப்பிட்டாச்சா. ‘ஹாங் காய்’ என்றால் கடைத்தெருவில் சும்மா சுற்றிவருவது. விடைபெறும்போது ‘தாக் ஹான் யாம் சா’, அதாவது நேரம் கிடைத்தால் டீ குடிக்கலாம். எங்கள் தெருவில் என் சீனத்துக்குத் தப்பியவர் யாருமில்லை.

மேடைத் தமிழில் ஆட்சி நடந்த காலம் அது. வயலில் கூலி மட்டும் ஏறவில்லை. எங்கள் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லை. ஒரு மழை அடித்தால் அவ்வளவும் சேற்றில். கூலியை உயர்த்தாமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று முன்னால் நின்றவர் எங்கள் வயலிலேயே வேலை செய்தவர். அவரும் அத்தாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது.

அவரை ஆற்றுப் பாலத்தில் பார்த்தேன். விடுவேனா? எனக்குத் தெரிந்த சீனத்தையெல்லாம் கொட்டிவிட்டுத் தமிழிலும் சொன்னேன்: “நேரம் கிடைச்சா டீ குடிக்க வீட்டுக்கு வாங்க.”

மறுநாள் சாயங்காலம் வெளுத்த சட்டையோடு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அத்தா விறைப்பாக வெளியே போனார்.

“கூலி விஷயமா?”

“இல்லைங்க மொதலாளி. பாப்பா டீ குடிக்க வரச் சொல்லுச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தா வாசலை மறித்தபடியே நின்றார். அவர்கள் அப்படியே திரும்பியிருந்தால் எங்கள் வயலில் யாரும் கால் வைத்திருக்க மாட்டார்கள். வெளியாட்கள் முன் வராத அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

“கூப்பிட்டு வந்தவங்கள வாசல்லயா நிக்க வைக்கிறது? உள்ள வாங்க, உக்காருங்க.”

நாற்காலிகளை அவளே இழுத்துப் போட்டாள். யாருக்கும் எடுக்காத பீங்கான் கோப்பைகளில் டீ வந்தது. அத்தாவும் எதிரே உட்கார்ந்து குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார்களே தவிர, கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வாரமே அத்தா தானாகப் போய்க் கூலியைப் பேசி முடித்தார். என் அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை நிமிர்கிறது.

அன்றைக்கு என் பெருமையெல்லாம் என் சீனத்தின் மேல்தான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஹாங்காங்கில் ‘தாக் ஹான் யாம் சா’ வெறும் மரியாதைப் பேச்சாம். அதை நம்பி யாரும் வர மாட்டார்களாம். நம் ஊரில் மட்டும் என்ன? ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்று அத்தா கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார், ஒருவரும் வந்ததில்லை. இவர் மட்டும் ஏன் மறுநாளே வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பேச்சுக்குக்கூட அதுவரை அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.